ஷாஃப்ட் பைக் வைத்திருப்பவர்கள் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள்

செயின் இல்லாமல், பின்சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டான கார்டன் ஷாஃப்டில் ஓடும் பைக் வைத்திருக்கும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பகுதி நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊர்களில் இத்தகைய வண்டிகள் குறைவு. அதனாலேயே அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு. தெரிந்தவர்கள்போல் பலகை மாட்டிக்கொண்டு பணம் பறிக்கும் இடங்கள் மட்டும் நெடுஞ்சாலையோரம் முளைத்துவிட்டன. அப்படி ஓர் இடத்தில் சர்வீஸ் முடித்து வந்த என் வண்டி, ஏலகிரி மலையிலிருந்து இறங்கும்போது பின்சக்கரத்தில் எண்ணெய் வழிய வழிய இறங்கியது. பின்இருக்கையில் என் தங்கை மகன் உட்கார்ந்திருந்தான்.

வண்டி பி.எம்.டபிள்யூ ஆர் 1200 ஜி.எஸ். அதன் பராமரிப்பைச் சத்துவாச்சாரியில் வீட்டு வாசலிலேயே நான் செய்துகொள்வது வழக்கம். பின்சக்கரத்தை ஒட்டி ஷாஃப்ட் இணைப்பை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டில் வெடிப்பு தெரிந்ததால், புதிய பூட்டை வரவழைத்து மாட்ட வேண்டியிருந்தது. அந்தப் பாகம் தங்களிடமே இருப்பதாக அந்த இடத்தில் சொன்னார்கள். பூட்டை மாற்றுவது, கழற்றும்போதே ஷாஃப்ட் முனை பொருந்தும் ஸ்ப்ளைன் பற்களைத் துடைத்துப் பசை போடுவது, பின்சக்கரத்தைச் சுழற்றும் பற்சக்கரங்கள் இருக்கும் கிரவுன் பெட்டியின் ஆயிலை மாற்றுவது என்று மூன்றே வேலைகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ரசீது 14,600 ரூபாய்க்கு வந்தது. அதில் 'செயின் சுத்தம், லூப்' என்று 450 ரூபாய் போட்டிருந்தார்கள். இந்த வண்டியில் செயினே கிடையாது. 'யு.ஜே. கிராஸ் நிப்பிள் வழியாக கிரீஸ்' என்று இன்னொரு வரி. கிராஸ் என்பது ஷாஃப்ட் மடங்கும் இணைப்பு. இந்த ஷாஃப்டின் கிராஸ்கள் மூடி அடைக்கப்பட்டவை. கிரீஸ் அடிக்க நிப்பிளே கிடையாது. கவுன்ட்டரில் இருந்தவரிடம் சொன்னபோது, "சார், கம்ப்யூட்டரில் அப்படித்தான் வரும், இரண்டையும் கழித்துவிடுகிறேன்" என்று பேனாவால் அடித்துக் கொடுத்தார். ஆயில் மாற்றினீர்களா, பழைய ஆயில் எங்கே என்று கேட்டேன். "அதையெல்லாம் அன்றன்றைக்கே டிரம்மில் ஊற்றிவிடுவோம் சார்" என்றார்.

ஷாஃப்ட் வண்டியில் ஏமாற்று எளிது என்பதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. செயின் காய்ந்து கிடந்தால் தெருவில் போகிறவருக்கும் தெரியும். ஷாஃப்டோ பின்சக்கரத்தைத் தாங்கும் கைக்குள் மறைந்து சுழல்கிறது. அதன் முடிவில் இருக்கும் கிரவுன், பினியன் பற்களும் அலுமினியப் பெட்டிக்குள் மூடியிருக்கின்றன. திறக்காமலே திறந்ததாகச் சொன்னாலும் வெளியே ஓர் அடையாளமும் இருக்காது. 'ஷாஃப்ட் வண்டிக்குப் பராமரிப்பே தேவையில்லை' என்று ஊரில் ஒரு பேச்சு உலவுவது இவர்களுக்குப் பெரிய வசதி. பராமரிப்பு குறைவு என்பது உண்மை. இல்லவே இல்லை என்பது பொய். என் வண்டிக்குக் கிரவுன் பெட்டி ஆயிலை 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஊற்ற வேண்டியது 180 மில்லிதான், ஒரு தம்ளர் அளவு. அதற்கு ரசீதில் ஒரு லிட்டர் போட்டிருந்தார்கள்.

ஏலகிரிக்குப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த சூடு, இறங்கும்போது தன் வேலையைக் காட்டியது. முதலில் கந்தக நெடி வந்தது. கியர் ஆயிலைக் கையாண்டவர்களுக்கு அந்த நெடி மறக்காது. அடுத்த வளைவில் பின் பிரேக்கை மிதித்தேன், பிடிப்பு பாதியாகிவிட்டிருந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் டிஸ்க்கில் எண்ணெய், ரிம்மில் எண்ணெய், டயரின் பக்கவாட்டிலும் எண்ணெய். பையனை வேறொருவரின் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து பொன்னேரி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கிருந்து வண்டி வேனில்தான் வேலூர் வந்தது. அந்த எண்ணெய் டயரின் நடுப்பகுதிக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் திறந்தபோது எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. டிரெயின் போல்ட்டை முறுக்கி முடித்ததும் போல்ட்டின் மேலும் பெட்டியின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்து வைப்பது என் பழக்கம். போல்ட் அசைந்தால் கோடு பிரிந்து நிற்கும். கோடு நான் போட்டபடியே, நூல் பிசகாமல் இருந்தது. ஆகவே பழைய ஆயிலை அவர்கள் வடிக்கவே இல்லை. வடித்து அளவுக்குவளையில் பிடித்தேன். கருத்த ஆயில் 250 மில்லி கோட்டைத் தாண்டியது. பழையது உள்ளே இருக்க, அதன் தலையிலேயே புதியதை ஊற்றியிருக்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கலாம். நல்லதல்ல. பெட்டி சிறியது, சூட்டில் ஆயில் விரியும், அழுத்தம் ஏறும், வழி தேடும் ஆயில், கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தைத் தள்ளிக்கொண்டு சக்கரத்தின் பக்கம் வெளியேறும்.

ரப்பர் பூட் புதியதல்ல. பழைய பூட்டின் வெடிப்பில் கறுப்பு சிலிக்கானைப் பூசித் துடைத்துவிட்டிருந்தார்கள். அதை நீக்கிப் பெட்டியைக் கீழே சாய்த்தபோது ஸ்ப்ளைன் பற்களில் பசையின் சுவடே இல்லை. துருவின் செம்பழுப்புத் தூள்தான் விரலில் ஒட்டியது. வெடிப்பு வழியாக மழைநீர் போயிருக்கிறது. அதைவிட, அங்கே வண்டியைக் கழுவியபோது வாட்டர் வாஷ் குழாயை அந்த இடத்துக்கு நேராகப் பிடித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். பூட்டின் மடிப்பில் ஈரமான சேறு இருந்தது.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். மன்னிப்புக் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். சக்கரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், பேரிங் போய்விட்டது. மொத்த செட்டையே மாற்ற வேண்டும். எண்பத்தைந்தாயிரம் ஆகும்" என்றார்கள். தாங்கள் செய்த கேட்டையே காட்டி அடுத்த ரசீதுக்கு வழி பார்க்கும் இந்தத் துணிச்சல்தான் என்னை இதை எழுத வைத்தது.

வாலாஜாபேட்டைப் பக்கம் லாரி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். பெட்டியைப் பார்த்ததுமே, "தம்பி, இது லாரி கிரவுன்தானே, சின்னதாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கையால் சுற்றவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "பேரிங்கில் ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. சீல் வளையத்தை மட்டும் மாற்று." "உள்ளே பல் தேய்ந்திருக்குமா அண்ணா?" என்றேன். வடித்த ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். "பொடி மாவாக இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக மின்னினால்தான் பயம். இது மாவு." சீல் மாற்றிய கூலியாக அவர் கேட்டது எண்ணூறு ரூபாய்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. 1923-இல் வந்த முதல் பி.எம்.டபிள்யூ பைக்கான ஆர் 32 முதலே ஷாஃப்ட் இருக்கிறது. வீட்டில் செய்யத் தயங்குகிறவர்கள் ஆயில் மாற்றுவதையாவது கற்றுக்கொள்ளுங்கள். சற்றுத் தூரம் ஓட்டி ஆயில் சூடானதும் வடியுங்கள். அதற்கு முன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது சிக்கிக்கொண்டால் வடித்த பின் ஊற்ற வழியிருக்காது. வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அலுமினியப் பெட்டி என்பதால் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்க வேண்டாம், மரை போய்விடும். எஞ்சின் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். கிரவுன் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுழல்பவை. அந்த உராய்வைத் தாங்கும் கந்தகச் சேர்க்கை ஹைப்பாய்டு கியர் ஆயிலில்தான் உண்டு. உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன தரம், எத்தனை மில்லி என்று இருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். ஸ்ப்ளைனுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த பசை வேண்டும். சாதாரண மஞ்சள் கிரீஸ் அங்கே நிற்காமல் தெறித்துப் போகும். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

வெளியே கொடுக்கத்தான் வேண்டுமென்றால், கொடுக்கும் முன் போல்ட்டில் கோடு போட்டுப் படம் எடுங்கள். வடித்த ஆயிலையும் கழற்றிய பாகங்களையும் எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைத்தாளிலேயே எழுதுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

என் பணம் இன்னும் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்தேன். அந்த இடத்திலிருந்து பதில் இல்லை என்பதால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பாதிப்பு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். பேனாவால் அடித்த அந்த ரசீதும், மஞ்சள் கோட்டின் படமும், ஒரு பாட்டிலில் அடைத்து வைத்த கறுப்பு ஆயிலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இதே போன்ற ரசீது உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நீங்களும் மனு கொடுங்கள்.