சுருதி மாற்றம்: கடைசிப் பல்லவியிலா, பாட்டின் நடுவிலா?

பாட்டு பாதியில் சுருதி, அதாவது மெட்டு நிற்கும் ஆதார உயரம், மாறினால் எனக்கு உடனே ஒரு கேள்வி எழும்: இந்த மாற்றத்தை எடுத்துவிட்டால் பாட்டில் என்ன குறையும்? உலகப் புகழ்பெற்ற சில பாட்டுகளை இந்தக் கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அளவுக்கு நம் ஊர்க் கட்டைக் கணக்கே போதும்: கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் C-யிலிருந்து ஒன்று முதல் ஏழு, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று அரைக் கணக்கு. அடுத்தடுத்த கட்டைகளுக்கு (கறுப்பையும் சேர்த்து) இடையே தூரம் அரைச்சுரம். மூன்று கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது, அங்கே தூரம் அரைச்சுரம்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. டாலி பார்ட்டன் 1974-இல் கண்ட்ரி பாட்டாக வெளியிட்டது. 'தி பாடிகார்ட்' படத்துக்காக 1992-இல் விட்னி ஹூஸ்டன் பாடியது. விட்னி பதிவு பக்கவாத்தியமே இல்லாமல் ஆறு கட்டையில் தொடங்குகிறது. சாக்ஸஃபோன் வருகிறது, இன்னொரு சரணம் வருகிறது, அப்புறம் எல்லாம் சட்டென்று நின்றுவிடுகிறது. டிரம்மில் ஒரே ஒரு அடி. பல்லவி ஏழு கட்டையில் வெடிக்கிறது. டாலியின் பதிவில் சுருதி அசைவதே இல்லை. கடைசிச் சரணத்தை அவர் பாடுவதுகூட இல்லை, பேசுகிறார். பிரிந்து போகும் ஒருத்தி கடைசியாகச் சொல்லிவிட்டுப் போவதற்கு அது எவ்வளவு பொருத்தம்! விட்னியின் குரலுக்கு நான் அடிமைதான். ஆனால் சுருதி மாற்றம் இல்லாமலேயே அந்தப் பாட்டு முழுமையாக நிற்கும் என்பதற்கு டாலியின் பதிவே சாட்சி. விட்னியின் ஏற்றம் பாட்டுக்கு வேண்டியதைவிட, பாடுகிறவரின் ஆற்றலைக் காட்டவே அதிகம் உதவுகிறது.

அதே கடைசி நேர ஏற்றம் மைக்கேல் ஜாக்சனின் 'மேன் இன் தி மிர்ரர்' பாட்டில் வேறு வேலை செய்கிறது. ஐந்து கட்டையிலிருந்து ஐந்தரைக்கு, வெறும் அரைச்சுரம்தான். ஆனால் மாற்றம் என்று பொருள்படும் சொல் வாயிலிருந்து வரும் அதே நொடியில் சுருதி மாறுகிறது. அதுவரை கண்ணாடி முன்னால் தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தவனோடு காஸ்பல் கோரஸ் சேர்ந்துகொள்கிறது, தேவாலயத்தின் சூடு வந்துவிடுகிறது. இதை எடுத்துவிட்டால் மாறுவேன் என்கிற பாட்டு மாறாமலேயே முடிந்துவிடும். தூரம் குறைவு, தேவை அதிகம்.

ராக் பக்கம் வந்தால் பான் ஜோவியின் 'லிவின் ஆன் எ ப்ரேயர்' (1986). மூன்று கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு ஒரே தாவல். அரையோ முழுச்சுரமோ இல்லை, மூன்று அரைச்சுரம். தாவுகிற இடத்தில் தாளத்தில் ஓர் அடியையும் வெட்டிவிட்டார்கள். நாலு எண்ணிக்கொண்டு காத்திருக்கும் நம்மை முந்திக்கொண்டு பல்லவி வந்து மோதுகிறது. தூரமும் அவசரமும் சேர்ந்ததுதான் அந்த இடத்தின் பலம் என்று நினைக்கிறேன். தாளத்தைச் சீராக வைத்து வெறுமனே சுருதியை மட்டும் ஏற்றியிருந்தால் பாதி வேகம் போயிருக்கும்.

பியான்சேயின் 'லவ் ஆன் டாப்' (2011) நேர் எதிர் வழி. தாவலே இல்லை, ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று என்று நான்கு தடவை அரைச்சுரமாக ஏறுகிறது. வருவது அதே பல்லவிதான். இரண்டாவது ஏற்றத்துக்குள் கேட்கிறவருக்கு விளையாட்டு புரிந்துவிடும், இன்னும் எவ்வளவு தூரம் போவார் என்று உட்கார்ந்துவிடுவோம். இந்த ஏற்றங்களை எடுத்தால் பாட்டின் பின்பாதியில் ஒன்றுமே மிஞ்சாது. மேடையில் இதைப் பாட நினைக்கிறவர்கள் கடைசிச் சுருதியில் முதலில் பாடிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தொடக்கத்தை முடிவு செய்யுங்கள். முதல் பல்லவி சுகமாக இருக்கிறது என்று நம்பி இறங்கினால் நான்காவது ஏற்றத்தில் தொண்டை கைவிட்டுவிடும்.

பியான்சே இதைச் செய்த காலத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகளை கிறிஸ் டல்லா ரிவா என்பவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1958 முதல் 1990 வரை ஏறக்குறைய நான்கில் ஒன்றில் சுருதி மாற்றம் இருந்தது. 2010-களில் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. ஹிப்-ஹாப் முன்னுக்கு வந்ததும், கணினித் திரையில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பாட்டுக் கட்டும் முறை வந்ததும் முக்கியக் காரணங்கள். ராப்பில் மெட்டைவிடத் தாளமும் சொல்லும் முக்கியம். அங்கே சுருதியை ஏற்றிப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை.

கண்ட்ரியில் ஜானி கேஷின் 'ஐ வாக் தி லைன்' (1956) தனி ரகம். சரணத்துக்குச் சரணம் சுருதி மாறுகிறது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் முணுமுணுத்துப் புதிய சுரத்தைப் பிடித்துக்கொள்கிறார். கடைசிச் சரணம் முதல் சரணத்துக்கு ஒரு ஸ்தாயி, அதாவது பன்னிரண்டு அரைச்சுரம், கீழே. சுருதி மாற்றம் என்றால் ஏறத்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்ட வேண்டும்.

பிரேசிலின் போஸா நோவா இசையில் 'தி கேர்ள் ஃப்ரம் இபனேமா' நடுப்பகுதியில் அரைச்சுரம் நகர்ந்து, சத்தமில்லாமல் வீடு திரும்பிவிடும். ஜாஸ்காரர்களுக்கு இது அன்றாடம். 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' (1939) ஒரே சுற்றில் ஐந்து சுருதிகளைத் தொட்டு வருகிறது. சுருதி மாற்றம் அங்கே உச்சக்கட்டம் அல்ல, நடை.

நம் கர்நாடக சங்கீதத்தில் தம்பூரா அசையாது. அதனால் வழியும் வேறு. பாப் பாட்டு மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஆதார சுருதியை நகர்த்தும். இங்கே கிரக பேதம் என்ற முறையில் சுரங்கள் அப்படியே இருக்க, எது சட்ஜம் (ஆதாரமான 'ச') என்பது மட்டும் மாறும். மோகன ராகத்தின் ரிஷபத்தைச் ('ரி') சட்ஜமாகக் கொண்டால் மத்யமாவதி, காந்தாரத்தைக் ('க') கொண்டால் ஹிந்தோளம் என்று வேறு ராகங்கள் பிறக்கும். பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியம் (ஜி.என்.பி.) இதில் பேர்போனவர். ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஆனாலும் வேறு ஊருக்கு வந்துவிட்டோம். இதை பாப் பாட்டின் ஏற்றத்தோடு ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை.

இத்தனைக்கும் நடுவில் என் ஓட்டு பீட்டில்ஸின் 'பென்னி லேன்' (1967) பாட்டுக்கு. சரணம் ஏழு கட்டையில், தெருவில் நடமாடும் மனிதர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறது. பல்லவி ஆறு கட்டைக்கு இறங்கி, அந்தத் தெருவை நினைவில் வைத்திருப்பவனின் குரலாகிறது. வழக்கமாகப் பல்லவிதான் உயரும், இங்கே தாழ்கிறது. பார்ப்பது ஓர் உயரம், நினைப்பது இன்னோர் உயரம். கடைசியில் பல்லவி ஆறு கட்டையில் ஒருமுறை வந்து, உடனே ஏழு கட்டையில் மறுபடி வருகிறது. விட்னி ஏறியதும் இதே ஆறிலிருந்து ஏழுக்குத்தான். ஆனால் அவருடைய ஏழு கட்டை அதுவரை பாட்டில் இல்லாத இடம். இங்கே அது சரணம் தொடக்கத்திலிருந்தே நின்ற இடம். பல்லவி இப்போதுதான் முதல்முறையாக அங்கே வந்து சேர்கிறது, நினைவும் தெருவும் ஒரே சுருதியில். முழுப்பாட்டையும் ஆறு கட்டையிலேயே ஒருமுறை கீபோர்டில் வாசித்துப் பாருங்கள். மெட்டு அழகாகத்தான் இருக்கும், ஆனால் சரணம் எங்கே முடிந்தது, பல்லவி ஏன் வந்தது என்பதே தெரியாது.