கலர் பென்சிலா, கிரேயானா?

கிரேயானில் நிறமி மெழுகோடு கலந்திருக்கும். நாலு இழுப்பில் வானம் முழுக்க நீலமாகிவிடும். மூன்று வயதுப் பிஞ்சு விரலுக்கு அதுதான் சரி. ஆனால் ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைத் தேய்த்தால் வழுக்கும், கலங்கும்.

ஐந்து வயதுக்கு மேல் என்றால் என் ஓட்டு கலர் பென்சிலுக்கே. மஞ்சள் மேல் நீலத்தை மெல்லத் தீட்டுங்கள்: பச்சை பிறக்கும், அடியில் மஞ்சளும் தெரியும். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கில் ஒரு கரை போட்டால் காஞ்சிபுரம் பட்டு. அந்தக் கரையை நறுக்கென்று இழுக்கக் கூர்முனை வேண்டுமே, கிரேயானுக்கு அது ஏது? பென்சிலைக் கீழே மட்டும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்டு உடைந்துவிட்டால், சீவச் சீவ முனை ஒடிந்துகொண்டே வரும்.