எஞ்சின் ஸ்டிக்கரை நம்பி 9,800 வெள்ளி கொடுத்தேன்

ரிப் படகு வாங்க நினைப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அடியில் ஃபைபர், இருபுறமும் காற்றடைத்த குழாய் உள்ள சின்னப் படகைத்தான் சொல்கிறேன். கடையின் பெயரை இப்போது எழுதவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை.

போன பிப்ரவரியில் 3.8 மீட்டர் படகு ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இங்கே சிங்கப்பூரில் சாங்கியிலிருந்து உபின் தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போகவேண்டும், நானும் மச்சானும் பிள்ளைகள் இரண்டு பேரும், அவ்வளவுதான் ஆசை. படகோடு '20 எச்பி (குதிரைத்திறன்) ஃபோர் ஸ்ட்ரோக், ஒரு வருஷம்தான் ஓடியது' என்று ஒரு எஞ்சினையும் மாட்டிக் கொடுத்தார்கள். படகில் ஒட்டியிருந்த தயாரிப்பாளர் தகட்டில் அதிகபட்சம் 25 எச்பி என்று இருந்தது, அதனால் 20 சரியாக இருக்கும் என்று நானும் நம்பினேன். துறைக்குப் பக்கத்திலேயே, அலையில்லாத தண்ணீரில், நானும் கடைக்காரரும் மட்டும் மெதுவாக ஒரு சுற்று வந்தோம். அதையே சோதனை ஓட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை நால்வரும் ஏறிப் போனபோதுதான் தெரிந்தது. வேகம் கொடுத்தால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, படகு தண்ணீர்மேல் எழும்பி வழுக்கி ஓடவே இல்லை. ஒரு டக்போட், அதாவது இழுவைப் படகு, கடந்துபோன அலையில் திருப்பினேன், எஞ்சின் திடீரென்று வீறிட்டது, படகு நின்ற இடத்திலேயே நின்றது. ப்ரொப்பெல்லர் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. பின்பக்கம் நூல் மாதிரி வெளியே வரவேண்டிய குளிரூட்டும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தது. கப்பல் போகிற பாதையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படி நின்ற அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியாது.

கடைக்குப் போனேன். "தம்பி, ப்ரொப்பெல்லர் பிட்ச் அதிகம், சின்னது போடணும்" என்றார். 220 வெள்ளி. பிட்ச் என்பது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு முன்னே போகவேண்டிய தூரம், அது ஒரு அங்குலம் குறைந்தால் எஞ்சின் சுற்று நிமிடத்துக்குச் சுமார் 200 கூடும் என்பது உண்மைதான், ஆனால் என் குறை அதுவே இல்லை. அடுத்த வாரம் எஞ்சின் காலில் பொருத்த ஒரு பிளாஸ்டிக் இறக்கை விற்றார், 150 வெள்ளி. அதுவும் உதவவில்லை. மூன்றாம் தடவை போனபோது "நீங்க ஆளை அதிகமா ஏத்துறீங்க" என்று பழி என்மேல் வந்தது.

கடைசியில் உபின் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கும் ஒரு மலாய் அங்கிளிடம் காட்டினேன். அவர் எஞ்சினைத் தொடக்கூட இல்லை, முதலில் அளவு நாடாவைத்தான் எடுத்தார். டிரான்சம், அதாவது எஞ்சின் மாட்டும் பின்பலகை, மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை 51 செ.மீ. எஞ்சினோ 38 செ.மீ. ஷார்ட் ஷாஃப்ட், அதாவது கால் குட்டையானது. ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ இரண்டு செ.மீ. கீழேயோ இருக்கவேண்டும், என்னுடையதில் 13 செ.மீ. மேலே தொங்கியது. எந்த ப்ரொப்பெல்லர் போட்டாலும் இது சரியாகாது.

சரி, தெரியாமல் மாட்டிவிட்டார்கள் என்று அப்போதும் நினைத்தேன். அப்புறம் அங்கிள், எஞ்சினைப் படகோடு பிடிக்கும் பிராக்கெட் பக்கத்தில் இருந்த சின்ன விவரத் தகட்டைக் காட்டினார், அதன்மேல் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்திருந்தது. தின்னர் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க எழுத்து வந்தது: 9.9. சில தயாரிப்பாளர்கள் 9.9, 15, 20 எச்பி மூன்றையும் ஒரே பிளாக்கில்தான் செய்கிறார்கள், வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது, எடையும் ஏறத்தாழ ஒன்றுதான். மூடியில் '20' ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதும். பெயிண்ட் தானாகத் தகட்டின்மேல் போய் உட்காராது. இது ஏமாற்று.

வாங்கப் போகிறவர்கள் அளவு நாடா கையோடு கொண்டுபோங்கள். விவரத் தகட்டை நீங்களே படித்து, மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சோதனை ஓட்டத்துக்கு வழக்கமாக ஏற்றப்போகும் ஆட்களோடு, எரிபொருளோடு போய், முழு வேகத்தில் சுற்று எவ்வளவு வருகிறது என்று பாருங்கள், கையேட்டில் சொல்லும் எல்லைக்குள் வரவேண்டும், பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அது 5,000 முதல் 6,000க்குள் இருக்கும். எல்லாவற்றையும்விட, சீரியல் எண், எச்பி, ஷாஃப்ட் நீளம் மூன்றும் ரசீதில் இருக்கவேண்டும். என் ரசீதில் 'எஞ்சின் 1' என்று மட்டும்தான் இருக்கிறது. அதனால் இப்போது கடைக்காரர் நான்தான் எஞ்சினை மாற்றிவிட்டேன் என்கிறார். நல்லவேளை, '20 எச்பி' என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நான் அழிக்கவில்லை.

பழைய பொருள்தானே என்று விட்டுவிடாதீர்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டம் இங்கே 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ளது, அது செகண்ட் ஹேண்ட் பொருளுக்கும் உண்டு, ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டவேண்டியது விற்றவர் பொறுப்பு. சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனலில் 20,000 வெள்ளிவரை வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம், இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

நான் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் முதல் அமர்வு. துடைத்த தகட்டின் படம், அங்கிள் நாடா பிடித்து எடுத்த படம், அந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் அச்சடித்து வைத்திருக்கிறேன். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.