மட்டில்டா பேரரசியின் பென்னி என்று நான் வாங்கிய வார்ப்புப் போலி

இங்கிலாந்தின் மட்டில்டா பேரரசி வெளியிட்ட வெள்ளிப் பென்னி என்று நம்பி, இணையத்தில் விற்கும் ஒருவரிடம் 650 பவுண்டு கொடுத்து நான் வாங்கிய நாணயம், அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்ததே அல்ல, உலோகத்தை உருக்கி வார்த்தெடுத்த போலி. அசல் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகும் என்று தெரிந்திருந்தும் சபலப்பட்டது என் தவறுதான். ஆயினும் அவர் என்னை ஏமாற்றிய விதத்தைச் சேகரிப்பாளர்கள் அறிந்துகொள்வது நல்லது.

1135இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஹென்றி இறந்ததும், அவன் மகள் மட்டில்டாவை அரசியாக ஏற்பதாக முன்பே சத்தியம் செய்திருந்த அவளுடைய அத்தை மகன் ஸ்டீபனே முந்திக்கொண்டு முடிசூடினான். அரியணைக்காக இருவருக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1139இல் அவள் இங்கிலாந்தில் வந்திறங்கிய பின், அவள் தரப்பின் வசமிருந்த பிரிஸ்டல், கார்டிஃப் போன்ற ஊர்களில் அவள் பெயரில் பென்னிகள் அடிக்கப்பட்டன. ஸ்டீபனின் முதல் வகைக் காசைப் பார்த்து, செங்கோலேந்தி வலப்புறம் நோக்கும் தலையையும் பின்புறச் சிலுவையையும் அப்படியே வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றினார்கள். போர்க்காலக் காசுகள் பலவற்றில் எழுத்து கோணலாகவும் எடை குறைவாகவும் இருக்கும். இந்த உண்மையைத்தான் விற்றவர் கேடயமாகப் பிடித்தார். எடை 1.02 கிராம்தானே என்றேன். உள்நாட்டுப் போர்க் காலம் என்றார். எழுத்து மழுங்கியிருக்கிறதே என்றேன்; அச்சு வெட்டியவனின் கைத்திறன் அவ்வளவுதான் என்றார். 1980இல் கார்டிஃப் அருகே கிடைத்த, மட்டில்டா காசுகள் பல அடங்கிய புதையலைச் சேர்ந்தது என்றும் சொன்னார். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோதுதான் விளங்கியது. சுத்தியலால் அடித்த காசில் எழுத்தோரங்களில் உலோகம் இழுபட்ட தடம் தெரியும். இதிலோ எழுத்துகள் தேய்ந்த சோப்புக்கட்டி போல வழவழப்பாக இருந்தன, அவற்றின் அடியில் ஊசிமுனை அளவுக் குழிகள். வார்ப்பின் இணைப்புக் கோட்டை மறைக்க விளிம்பைச் சுற்றிலும் அரத்தால் தேய்த்திருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே நபர் இன்னொரு மட்டில்டா பென்னியை விற்பனைக்கு வைத்தார். கடிகார முள் நான்கைக் காட்டும் இடத்தில் அதே விரிசல், சிலுவையின் ஒரு கை வெட்டுப்பட்டு நிற்கும் அதே சரிவு. கையால் அடித்த இரண்டு காசுகள் இப்படி ஒத்துப்போக வழியே இல்லை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பதில் வரவில்லை, அந்த இரண்டாவது காசு மறுநாளே விற்றுப் போயிருந்தது.