டர்பன் புழுக்கத்தில் அட்டை முக்காலி: மூன்று வருடத்துக்குப் பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் இரண்டு முக்காலிகளும் ஒரு பெஞ்சும் நெளி அட்டையால் செய்தவை. பார்சல் பெட்டி செய்கிற அதே அட்டைதான். வாங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்கு வருகிற யாரும் முதலில் கேட்பது, "உட்கார்ந்தா உடையாதா?" உடையாது. கவலைப்பட வேண்டிய சங்கதிகள் வேறு.

செய்தவர் இந்த ஊர்ப் பையன், டிசைன் படித்தவர். எடை குறைந்த பொருள் எது கண்ணில் பட்டாலும் அதில் உட்கார முடியுமா என்று பார்த்துவிடுவார். பட்டறையில் மூலைக்கு மூலை கார்க், காகிதப் பலகை, கரும்புச் சக்கையை அழுத்திய பலகை என்று சாய்த்து வைத்திருப்பார். ஸ்டாங்கர் ஊர்க் காகித ஆலையில் சக்கையிலிருந்து காகிதமே செய்திருக்கிறார்கள் என்பதால் அதன் மேல் அவருக்குத் தனி ஆசை. (1860-இல் இந்தியாவிலிருந்து இங்கே கப்பலில் வந்து கரும்பு வெட்டியவர்களின் வம்சத்துப் பிள்ளைக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.) ஆனால் சக்கைப் பலகை கனமாக இருந்ததால் நான் அட்டையை எடுத்துக்கொண்டேன்.

அட்டையில் நாற்காலி செய்வது ஒன்றும் புதிதில்லை. பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்தை வடிவமைத்த ஃபிராங்க் கெரி, 1972-லேயே 'விக்கிள்' என்ற வளைந்து நெளிந்த நாற்காலியை அட்டையில் செய்தார். சூட்சுமம் அடுக்குவதில் இருக்கிறது. ஒரு தாளின் நெளிவு ஒரு திசையில் ஓடினால் அடுத்த தாளின் நெளிவு குறுக்கே ஓடும்படி ஒட்டிக்கொண்டே போனால், ஒற்றைத் தாளாகத் தொய்கிற அட்டை கட்டையாகிவிடுகிறது. அந்த அட்டை நாற்காலி வரிசை நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே, நாற்காலிக்காரர் என்று பெயர் விழுந்துவிடுமோ என்று பயந்து கெரி அதை நிறுத்திவிட்டார். எங்கள் முக்காலியும் அதே அடுக்கு முறைதான். நூறு கிலோவைத் தாண்டிய என் கணவரின் சித்தப்பா ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதில்தான் உட்காருகிறார். ஒரு பள்ளம்கூட இல்லை.

எனக்குப் பெரிய லாபம் எடையில்தான். மாமியாரின் பழைய சாப்பாட்டு நாற்காலிகள் இம்பூயா மரம், பந்தைக் கவ்விய நகம் மாதிரிக் கால் வைத்தவை. ஒன்றை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். அட்டை முக்காலியை அவரே ஒரு கையால் தூக்கி வெயிலுக்கு வராந்தாவுக்கும் டிவிக்குக் கூடத்துக்கும் கொண்டுபோகிறார். "இந்த அட்டைப்பெட்டியிலயா என்னை உட்கார வைக்கிறே?" என்று முதல் வாரம் முழுக்கக் கேட்டவர் அவர்தான். இப்போது அது அவருடைய முக்காலி, வேறு யாரும் தொடக் கூடாது. உலகத்திலேயே இலேசான நாற்காலி என்று சொல்ல மாட்டேன். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோ பொன்டியின் 1957-ஆம் வருட நாற்காலியான சூப்பர்லெஜ்ஜேரா மரத்தில் செய்தது, எடை வெறும் 1.7 கிலோ. அத்தனை அடுக்கு ஒட்டிய அட்டை அதைவிடக் கனம்தான். எழுபது வயதுக்காரர் தூக்குகிறார், எனக்கு அது போதும்.

சரி, புழுக்கத்துக்கு வருவோம். நவம்பர் முதல் மார்ச் வரை டர்பனில் துவைத்த துண்டே காயாது. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் அட்டைப்பெட்டியின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். முக்காலியில் அடுக்கு நிறைய இருப்பதால் அந்தப் பாதியே போதுமானதாக இருக்கிறது. பெஞ்ச் அப்படியில்லை. நீளம் அதிகம், நடுவில் தாங்கல் கிடையாது. இரண்டாவது கோடையில் நடுவில் இலேசாகத் தொய்ந்தது. ஜூன், ஜூலை குளிர்கால வறட்சியில் காய்ந்தும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

அடுத்தது அடிப்பாகம். மேலே வார்னிஷ் பூசியவர் அடியில் பூசாமல் விட்டுவிட்டார். தரை துடைக்கும் தண்ணீரை அது உறிஞ்சி, ஓரம் உப்பி, தாள் பிரிந்தது. சொன்னதும் வந்து, உப்பிய பகுதியை அறுத்து எடுத்துவிட்டு ரப்பர் பட்டை ஒட்டிக் கொடுத்தார். முக்காலி ஒரு விரல் உயரம் குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு தொல்லை இல்லை. இதை விற்பதற்கு முன்பே செய்திருக்கலாம் என்பது என் புகார்.

அப்புறம் ஃபிஷ்மாத், நம் ராமபாணப் பூச்சி. நெளி அட்டையை ஒட்டுவது பெரும்பாலும் மாவுப் பசையால். மாவு அந்தப் பூச்சிக்கு விருந்து. பெஞ்சின் திறந்த ஓரங்களில், நெளிவுகளுக்குள் குடியேறிவிட்டது. மாதம் ஒரு முறை வேக்கம் கிளீனர் முனையை ஓரம் முழுக்க ஓட்டுகிறேன், கிராம்பும் போட்டு வைக்கிறேன். வேக்கம்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

எண்ணெய் பட்டால் அவ்வளவுதான், கறை போகாது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் வீட்டில் கூடிய அன்று பெஞ்சில் சிந்திய விளக்கெண்ணெய் இன்றைக்கும் வட்டமாகத் தெரிகிறது. எண்ணெயை விட நெருப்புக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சூடத்தட்டு, குத்துவிளக்கு எதையும் இதன் பக்கத்தில் வைக்க விடுவதில்லை. பூஜை அறைக்குள் முக்காலிக்கு அனுமதியே இல்லை.

முக்காலியை மறுபடியும் வாங்குவேன். பெஞ்ச் மாட்டேன், இப்போது இருப்பதன் நடுவில் ஒட்டுப்பலகைக் கால் ஒன்று வைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் யாரிடம் வாங்கினாலும், காசு கொடுப்பதற்கு முன் தலைகீழாகத் திருப்பி அடியில் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரையை ஒட்டி வீடு என்றால் ஓரங்களையும் மூடித் தரச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுக்கலாம்.