வண்டி நிறுத்துமிடத்தின் மேல் மிதந்த திண்ணை: டெக்சோமா ஏரியும் என் பாண்டூன் படகும்

டல்லாஸ் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் படகு வாங்கும் ஆசை உள்ளவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சின் எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். 2012-இல் பழைய படகு ஒன்றை வாங்கியபோது நானும் அதைத்தான் கேட்டேன். 2015 கோடைக்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை. துடுப்பு எங்கே, கயிறு எத்தனை அடி, எஞ்சினுக்கு உதிரி விசிறி (நீரில் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பெல்லர்) இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

என்னுடையது 22 அடி நீளப் பாண்டூன். நீளவாக்கில் இரண்டு அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் தட்டையான தளம், சுற்றிலும் கம்பித் தடுப்பு, வெயிலுக்கு ஒரு துணிக்கூரை, பின்னால் 90 குதிரைத்திறன் எஞ்சின். பார்ப்பதற்கு மிதக்கும் திண்ணை போல இருக்கும். ஓட்டுவதற்கும் ஏறக்குறைய அப்படித்தான். வளைவில் மெத்தனம் காட்டும். ஆனால் பத்துப் பேர் தயிர்சாதத்தோடு ஏறி உட்காரலாம், பாட்டிகள் பயப்படமாட்டார்கள். பிளேனோவிலிருந்து 75-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரம் போனால் டெனிசன். அங்கே டெக்சாஸுக்கும் ஒக்லஹோமாவுக்கும் நடுவே டெக்சோமா ஏரி. அங்கேதான் மாத வாடகைக்கு ஒரு மிதவைத் துறையில் இதைக் கட்டி வைத்திருக்கிறேன்.

வாங்கிய முதல் மூன்று ஆண்டுகளும் வறட்சி. எங்கள் ஏரிக்கு நீர் தரும் ரெட் நதிப் படுகையின் மேற்பகுதியில் உள்ள விச்சிட்டா ஃபால்ஸ் நகரம் 2014-இல் சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு கலக்கும் நிலைக்கு வந்திருந்தது. எங்கள் ஏரியிலும் நீர் இறங்கி, புதர் முளைத்த கரையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தோம். "மழை பெய்தால் போதும்" என்று சொல்லாத நாள் இல்லை. அந்த வாய்முகூர்த்தம் பலித்த விதம்தான் இந்தக் கதை.

2015 மே மாதம். டெக்சாஸில் அதுவரை பதிவான மாதங்களிலேயே அதிக மழை பெய்த மாதம் அது. ரெட் நதி ஒரு பக்கமும் வாஷிடா நதி மறு பக்கமும் செம்மண் குழம்பாகத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டின. ஏரியின் வழக்கமான மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 617 அடி. 640 அடியில், ஏரி நிரம்பினால் உபரி நீர் தானாக வெளியேற, கதவே இல்லாத கான்கிரீட் வழிந்தோடி இருக்கிறது. இடைப்பட்ட 23 அடி முழுவதும் வெள்ளத்தைத் தேக்குவதற்கென்றே காலியாக விடப்பட்டது. கரையைச் சுற்றியுள்ள பூங்கா, கழிப்பறை, சமையல் மேடை, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் அந்த 23 அடிக்குள்தான் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. நாம் உல்லாச ஏரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1944-இல் அணையைக் கட்டி முடித்த ராணுவப் பொறியாளர் படைக்கு அது முதலில் வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் தொட்டி.

அப்போது அப்பா எங்களோடு இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குளத்துப்பாசன விவசாயி. தினமும் காலையில் நான் கைபேசியில் நீர்மட்டம் பார்ப்பதைக் கவனித்தவர் ஒருநாள், "என்னப்பா, மறுகால் விழுமா?" என்று கேட்டார். வழிந்தோடி என்று நான் விளக்க ஆரம்பிக்கும் முன்பே, "கலுங்குதானே? கலுங்குக்கும் கரைக்கும் எத்தனை அடி?" என்றார். அணையின் உச்சி 670 என்றேன். விரலை மடக்காமலே, "முப்பது அடி. அப்படியானால் தூங்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். அந்த வாரம் எங்கள் துறையில் படகு வைத்திருந்த வேறு யாரும் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்கமாட்டார்கள்.

மே மாதக் கடைசி, நினைவு நாள் (மெமோரியல் டே) விடுமுறையை ஒட்டி மறுகால் விழுந்தது. அதற்கு முன் 1957, 1990, 2007 என மூன்று ஆண்டுகளில்தான் அப்படி நடந்திருந்தது. இந்த முறை நீர் 645 அடியையும் தாண்டி, 1990-இன் உச்சத்தை முறியடித்தது. ஜூனில் ஒரு புயலின் மிச்சமழை வந்து இரண்டாம் முறையும் வழிந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்று வெகுநேரம் பார்த்தார். "மீன் போகுமே" என்றார். போனது. டெக்சோமாவின் பெருமையே கோடுபோட்ட பாஸ் மீன். அதன் முட்டை பொரியும்வரை இரண்டு நாளாவது ஓடும் நீரில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு நதிகள் பாய்வதால்தான் அது இங்கே தானாகவே இனம் பெருக்குகிறது. வருடா வருடம் குஞ்சு விடத் தேவையில்லை. வழிந்த நீரோடு அந்த மீன்களும் அணைக்குக் கீழே இறங்கின. அவற்றைப் பிடிக்கத் தூண்டிலோடு ஆட்கள் போனார்கள். மறுகால் ஓடையில் கூடை வைத்து மீன் பிடித்த கதையை அப்பா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இனிப் படகைப் பற்றி. வெள்ளத்தின் முதல் சோதனை படகுக்கு வரவில்லை, துறைக்கு வந்தது. மிதவைத் துறை நீரோடு உயரும். ஆனால் அதைக் கரையோடு இணைக்கும் நடைபாலம் உயராது. பாலத்தின் கரைப்பக்க முனை மூழ்கியது. துறையைப் பிடித்திருந்த இரும்பு வடங்களை ஊழியர்கள் இரவும் பகலும் விட்டுக்கொடுத்து, துறையையே கரையை நோக்கி இழுத்தார்கள். தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் நீந்துபவர் உயிர் போகும் என்பதால் துறைக்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். படகின் அடிவயிற்றில் சேரும் நீரை வெளியேற்ற பம்பை நம்பியிருந்த பெரிய படகுக்காரர்கள் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று தவித்தார்கள். என் பாண்டூனில் தளத்தில் விழும் மழை அப்படியே ஏரிக்குள் வழிந்துவிடும். பம்பும் இல்லை, கவலையும் இல்லை. விற்றவர் சொல்லாமல் விட்ட நல்ல குணம் இது. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

கெட்ட குணமும் அப்போதுதான் தெரிந்தது. மிதந்து வரும் கட்டைகளைச் சாதாரணப் படகு மூக்கால் ஒதுக்கித் தள்ளும். பாண்டூன் இரண்டு குழாய்களுக்கு நடுவே உள்ளே விட்டுக்கொள்ளும். நுழைந்த கட்டை நேரே பின்னால் போய் விசிறியில்தான் முட்டும். இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் அப்பா. நீளமான அலுமினியக் கழி ஒன்றின் நுனியில் வளைந்த கம்பியை வைத்துக் கட்டி ஒரு துரட்டி செய்தார். முன்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேங்காய் பறிப்பவர் போலக் கட்டைகளைக் கொக்கி போட்டு ஒதுக்கிக்கொண்டே வருவார். மரக்கட்டை மட்டுமா? சமையல்வாயு உருளை, பிளாஸ்டிக் நாற்காலி, கொசுறாக நெருப்பெறும்புக் கூட்டங்கள். இந்த எறும்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அடைபோல மிதக்கும். அதில் துரட்டி பட்டால் கழி வழியாகக் கைக்கே ஏறிவரும். அப்பா ஒரு முறைதான் ஏமாந்தார்.

நீர் இறங்கத் தொடங்கியிருந்த ஜூலையில், படகுகளை நீரில் இறக்கும் சரிவுப்பாதைகள் பலவும் இன்னும் மூடித்தான் கிடந்தன. துறையில் கட்டியிருந்த படகுகள் மட்டும் வெளியே போயின. நானும் போனேன். அது என் தப்பு. திரும்பும்போது குறுக்குவழி என்று ஒரு கரைமுனையின் மேலாக விட்டேன். வரைபடத்தில் என் படகு தரையில் நின்றது. ஆழமானி ஏழு அடி காட்டியது. அந்தக் கருவியின் உணரி படகின் பின்புறத்தில் இருக்கிறது, ஆகவே நீங்கள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட இடத்தின் ஆழத்தைத்தான் அது சொல்லும். முன்னால் நிற்கும் கம்பத்தைச் சொல்லாது. "டங்" என்று ஒரு சத்தம். எஞ்சின் அலறியது, அணைத்தேன்.

தூக்கிப் பார்த்தால் விசிறியின் மூன்று இதழ்களில் ஒன்று நாய்க்காது போல மடங்கியிருந்தது. ஒரு பாம்பும் மரக்கிளையில் சுருண்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற இடம் மூழ்கிய வண்டி நிறுத்துமிடம் என்று நீருக்கு மேல் எட்டிப்பார்த்த விளக்குக்கம்பங்களை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அலுமினிய விசிறியை மலிவு என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. மலிவாக இருந்ததால்தான் அது மடங்கி, அதற்குப் பின்னால் உள்ள பற்சக்கரப் பெட்டி தப்பியது. எஃகு விசிறியாக இருந்திருந்தால் அடி நேராக உள்ளே போயிருக்கும். உதிரி விசிறி கைவசம் இருந்தது. நங்கூரம் போட்டு, பின்பக்க ஏணியில் இடுப்பளவு நீரில் நின்று, ஊசியை உருவி, மரையைக் கழற்றி, பழையதை இழுத்தேன். அதன் பின்னால் பித்தளை வளையம் ஒன்று உண்டு. விசிறி பெட்டியோடு உரசாமல் தாங்குவது அதுதான். அது நழுவி விழுந்து, செம்மண் நீரில் ஒரு கணம் மினுங்கி மறைந்தது.

வளையம் இல்லாமல் புது விசிறி இருந்தும் பயனில்லை. ஒரு மணி நேரம் கழித்து மீன்பிடி வழிகாட்டி ஒருவர் கயிறு வீசி எங்களைத் துறைவரை இழுத்துச் சென்றார். காசு வாங்கவில்லை. காற்று எழுந்திருந்தது. ஏரி அகன்றுவிட்டதால் அலைகளும் பெரிதாகி, எங்கள் துணிக்கூரை பாய் போலக் காற்றைப் பிடித்துக்கொண்டு அவரை வதைத்தது. நடுவழியில்தான் அதை மடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னால், அந்த ஆண்டு ஒரு விசிறி போனது. எஞ்சினைக் குளிர்விக்க நீரை இழுக்கும் ரப்பர் சக்கரம் வண்டலால் தேய்ந்து அதையும் மாற்றினேன். இடது குழாயில் ஒரு நசுங்கல் இன்றும் இருக்கிறது, ஒழுகவில்லை. வேறொன்றும் இல்லை. எஞ்சினின் குதிரைத்திறன் அந்தக் கோடை முழுவதும் ஒரு நாளும் உதவிக்கு வரவில்லை.

ஆகஸ்டில் நீர் வடிந்ததும் அப்பாவோடு அந்த வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே சேற்றுக்கோடு. கம்பங்களிலும் வேலியிலும் வரிக்குதிரைச் சிப்பிகள் அப்பிக் காய்ந்திருந்தன. டெக்சாஸில் இந்தச் சிப்பி முதன்முதலில் காலூன்றியது இதே ஏரியில், 2009-இல். வெறுங்காலோடு நடந்தால் பிளேடு போல அறுக்கும். கட்டம்போட்ட வெள்ளைக்கோடுகளுக்கு நடுவே வெடித்த சேற்றைக் குச்சியால் கிளறிக் கிளறித் தேடினேன். பத்து டாலர் பெறாத பொருள். வளையம் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு யாரோ தொலைத்த தூண்டில் கோல் ஒன்று கிடைத்தது. சுருளைச் சுற்றிப் பார்த்தார், மண் கரகரத்தாலும் ஓடியது. "விமானத்தில் இதை விடுவார்களா?" என்று கேட்டார்.