ஓஎம்ஆரில் வேலை: குரோம்பேட்டையில் வீடா, சோழிங்கநல்லூரில் வீடா?

வெளியூரிலிருந்து சென்னையில் ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலை ஆபீஸ்களுக்கு மாற்றலாகி வருகிறவர்கள் ஆபீஸ் பக்கத்திலேயே, சோழிங்கநல்லூரில்தான் முதலில் வீடு தேடுவார்கள். கேட், செக்யூரிட்டி, லிஃப்ட், கேமரா எல்லாம் இருக்கும். இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்களுக்கு அதுதான் நிம்மதி.

ஆனால் வாடகையோடு மெயின்டனன்ஸ் தனி. கோடையில் பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன. அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

குரோம்பேட்டையில் பெரும்பாலும் லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடி ஃபிளாட்கள். வாட்ச்மேன் இருக்க மாட்டார், ஆனால் எதிர்வீட்டு மாமிக்குத் தெரியாமல் யாரும் மாடியேற முடியாது. மின்சார ரயில், அரசு மருத்துவமனை, காய்கறிக் கடை எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆபீஸுக்குத்தான் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை வழியாகப் போக வேண்டும். காலை நெரிசல் பொறுமையைச் சோதிக்கும்.

மழை இரண்டு பக்கமும் கவலைதான். சோழிங்கநல்லூர் பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், குரோம்பேட்டை பக்கம் சிட்லபாக்கம் ஏரி. தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எத்தனையாவது படி வரை ஏறியது என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார். தரைத்தளச் சுவரில் புதுப் பெயின்ட் இடுப்பளவுக்கு மட்டும் இருந்தால், அந்த வீடு வேண்டாம்.

அப்புறம் அட்வான்ஸ். 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு. கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படியுங்கள்.

இரவு ஷிஃப்ட் இல்லையென்றால் நான் குரோம்பேட்டையைத்தான் சொல்வேன், அதுவும் முதல் மாடி.